மூட்டைக்கு எப்போது சாப்பாடு?

சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்தாலும் அந்தக் காலத்துப் பெட்டி டிவி சும்மா இருக்காது. உள்ளேயிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வரும். காதுக்குள் ஊசியால் கோடு போட்ட மாதிரி இருக்கும். நாங்கள் அதற்கு "ஙொய்" என்று பேர் வைத்திருந்தோம். மத்திகிரியில் எங்கள் லைன் வீட்டில், சாயங்கால வெயில் வாசல்படியில் கிடக்க, சேலை மறைப்புக்கு அந்தப் பக்கம் அப்பா தூங்க, இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு கார்ட்டூன் பார்த்த காலத்தை நினைத்தால், எனக்கு முதலில் கேட்பது அந்த "ஙொய்"தான்.

அப்பா ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டினார். தகட்டை வைத்தால் மேலிருந்து இறங்கி அடித்து வடிவம் கொடுக்கும் மிஷின். கிருஷ்ணகிரிப் பக்கம் கிராமத்தில் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. கம்பெனி வேலைக்கு முதலில் வந்தவர் அப்பாதான். ராத்திரி வேலைக்குப் படி சேர்த்துத் தருவார்கள் என்று "சி ஷிப்டு" கேட்டு வாங்கிக்கொண்டார். அதனால் எங்கள் வீட்டில் பகல்தான் ராத்திரி. இருந்தது ஒரே அறை. நடுவில் அம்மாவின் பழைய சேலை தொங்கும். அவ்வளவுதான் மறைப்பு.

அம்மா ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார்.

"உங்கப்பன் தூக்கம் கலைஞ்சா ராத்திரி மிஷின்ல கண்ணு சொருவும். கண்ணு சொருவுனா கை போயிரும். வாயத் தொறந்தீங்க, பொம்மப் படமும் கிடையாது, சோறும் கிடையாது."

பயமுறுத்தச் சொல்வது என்று நாங்கள் நினைக்கவில்லை. லைனில் கடைசி அறையில் முனியப்ப மாமா இருந்தார். அவரும் பிரஸ் ஓட்டினவர். வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். அந்த இரண்டுக்கும் நடுவில் பீடியை வைத்துக் குடிப்பார். எதிர் அறை சீனு ஒருநாள் கேட்டேவிட்டான்.

"மாமா, விரலு எப்பிடிப் போச்சு?"

"பகல்ல தூங்கல. அதான்."

பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அப்பாவின் தூக்கத்தை நாங்கள் மூன்று பேரும் காவல் காத்தோம். அவர் கை எங்கள் வாயில் இருந்தது என்றுதான் நம்பினோம்.

சீனு வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அங்கே டிவி இல்லை. பக்கத்து அறை மஞ்சுளா தளிப் பக்கத்துக் கன்னடக் குடும்பம். அவள் வீட்டில் டிவி இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் அவள் அம்மாவிடமிருந்து ரிமோட்டை யாராலும் பிடுங்க முடியாது. ஆகவே எங்கள் வீடுதான். நான் நடுவில், அவர்கள் இரண்டு பக்கமும். சத்தம் கிடையாது.

அது ஜப்பான்காரர்கள் வரைந்த படம். இப்போது பிள்ளைகள் அனிமே என்கிறார்கள். தமிழில் பேச வைத்துத்தான் போட்டார்கள், ஆனால் எங்களுக்கு அந்தத் தமிழ் கேட்காது. நெற்றியில் சிவப்புத் துணி கட்டின ஒரு பையன், மலைக்கு அந்தப் பக்கம் யாரோ தூக்கிக்கொண்டு போன தன் தங்கையைத் தேடிப் போகிறான். கூடவே ஒரு கூட்டம். அந்தப் பையனுக்கு நாங்கள் "ரிப்பன்" என்று பேர் வைத்தோம். அவன்தான் கதாநாயகன் என்று வாளைப் பார்த்தே தெரிந்தது. ஆனால் அவன் எப்போது பார்த்தாலும் பேசிக்கொண்டிருப்பான். சத்தமில்லாமல் பார்த்தால் வாய் மட்டும் மீன் மாதிரி திறந்து திறந்து மூடும். கொட்டாவி வரும்.

அந்தக் கூட்டத்தில் இன்னொருவன் இருந்தான். குண்டு. மூக்கு அகலம். முதுகில் பெரிய மூட்டை, அதன் மேல் கவிழ்த்துக் கட்டின பானை, தோளில் கயிற்றுச் சுருள். அவன் "மூட்டை". மஞ்சுளாவுக்குக் கன்னடத்தில் "மூட்டே", சீனுவுக்குத் தெலுங்கில் "மூட்டா". பேருக்காக நாங்கள் சண்டை போடாதது அவன் ஒருத்தனுக்குத்தான்.

அவனைப் பார்க்கச் சத்தம் தேவைப்படவில்லை. ஆற்றில் முதலில் இறங்கி ஆழம் பார்ப்பான். சண்டை முடிந்து ரிப்பன் வாளைத் தூக்கிக் காட்டும்போது, பின்னால் இவன் குனிந்து சிந்தின அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருப்பான். ஒரு மழை ராத்திரியில் கூடாரத்துக்கு ஒரு கம்பு குறைந்துபோனது. மற்றவர்கள் தூங்க, அந்த மூலையை விடியும்வரை இவன் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதைப் படத்தில் யாரும் பெரிதாகக் காட்டவில்லை. ஓரத்தில் இருந்தது. எங்களுக்குக் கேட்க ஒன்றும் இல்லாததால் நாங்கள் ஓரத்தையும் பார்த்தோம்.

பேச முடியாது என்பதால் கையால் பேசிக்கொண்டோம். நெற்றியில் விரலால் கோடு போட்டால் ரிப்பன். இரண்டு கையையும் மடக்கித் தோளில் வைத்தால் மூட்டை. தாங்க முடியாதபோது குசுகுசுவென்று பேசுவோம்.

"நான்தான்டி ரிப்பன்."

"உன் மூஞ்சிக்கு ரிப்பனா? மூக்கத் தொடைச்சிட்டு வாடா மொதல்ல."

"அப்ப நீ யாரு? மூட்டையா? தின்னு தின்னு நீயே..."

மஞ்சுளா கிள்ளுவாள். அவன் கத்தக் கூடாது. கண்ணில் தண்ணீர் வரும், கத்தமாட்டான்.

ஒருநாள் சேலைக்குப் பின்னாலிருந்து அப்பா குரல் வந்தது.

"யாரு பாப்பா அவன்? பின்னாடி நிக்கறவன்."

மூன்று பேரும் திரும்பினோம். சேலை ஒதுங்கியிருந்தது. அப்பா ஒருக்களித்துப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

"மூட்டைப்பா," என்றேன்.

"அந்தக் கூட்டத்துல வேல தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்." கொஞ்ச நேரம் பார்த்தார். "எல்லாருக்கும் கஞ்சி ஊத்தறானே. அவன் எப்ப சாப்டுவான்?"

நாங்கள் அதை யோசித்ததே இல்லை. அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து ரிப்பன் தங்கையைக் கண்டுபிடிக்கிறானா என்பதை விட்டுவிட்டு, மூட்டை சாப்பிடுகிறானா என்றுதான் பார்த்தோம். சட்டியை எடுப்பான், ஊற்றுவான், காட்சி மாறிவிடும். சீனுவுக்குக் கோபமே வந்துவிட்டது. அப்புறம் ஒருநாள் பார்த்துவிட்டோம். எல்லோரும் படுத்த பிறகு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நாங்கள் சத்தமில்லாமல் குதித்தோம்.

அப்பா எழுந்து குளித்து ஷூ மாட்டும்போது போய் நின்றேன்.

"அப்பா, அவன் சாப்ட்டான்."

"என்னா சாப்ட்டான்?"

"அடி புடிச்சத."

அப்பா சிரித்தார். சிரிக்கிற ஆள் இல்லை அவர். என்னிடம் அதிகம் பேசினதும் கிடையாது. அன்று முதல் வேலைக்குக் கிளம்பும்போது தினமும் ஒரு கேள்வி. "என்னா பண்ணான் உன் ஆளு?" நான் ஒரு வரியில் சொல்வேன். டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எனக்கும் அவருக்கும் இருந்த பேச்சு அதுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

அந்த நாட்களில்தான் நான் அவரிடம் கேட்டேன், "அப்பா, டிவி ஙொய்ங்குதே, உனக்குத் தூக்கம் கெடுதா?"

"எது?"

"அதோ. இப்பக்கூட கேக்குதே."

தலையைச் சாய்த்துக் கேட்டுப் பார்த்தார். "ஒண்ணும் இல்லியே பாப்பா. நல்லாத்தான் தூங்கறேன்."

எனக்குப் பெரிய நிம்மதி. ஓடிப்போய் மஞ்சுளாவிடமும் சீனுவிடமும் சொன்னேன். அப்பாவுக்கு "ஙொய்" தொந்தரவு இல்லையாம். கைக்கு ஒன்றும் ஆகாது.

மூட்டையின் குரலை ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். சீனுவுக்கு முடி வெட்ட சலூன் கடைக்கு நாங்களும் போயிருந்தோம். அங்கே அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தோடு. ரிப்பன் சுத்தமான தமிழில் பேசினான். மூட்டைக்குக் காமெடிக் குரல் கொடுத்திருந்தார்கள். "இன்னாங்க சாமி", "வந்துட்டனுங்க சாமி" என்று இழுத்தான். அவன் வாயைத் திறந்தாலே கடையில் சிரித்தார்கள். ரிப்பன் அவனை "மக்கு" என்று கூப்பிட்டான். அதற்கும் சிரித்தார்கள்.

அது ஊரில் என் பெரியப்பா பேசுகிற பேச்சு. கம்பெனி மேஸ்திரி முன்னால் அப்பா பேசுகிற பேச்சும் அதுதான். ஒருமுறை கேட் பக்கம் போயிருந்தபோது கேட்டிருக்கிறேன். சீனுவும் முதலில் சிரித்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

வெளியே வந்ததும் மஞ்சுளா சொன்னாள், "அது அவன் கொரலே இல்ல. வேற யாரோ பேசறாங்க."

சரி என்று வைத்துக்கொண்டோம். அடுத்த வாரம் அப்பா ஒரு காரியத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். சேலைக்குப் பின்னால் யாரும் இல்லை. சத்தம் வைக்கலாம். ரிமோட் என் மடியில் கிடந்தது. சத்தம் வை என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கடைசியாக நாங்கள் பார்த்தது கயிற்றுப் பாலம். ஒரு பக்கத்துக் கம்பம் முறிந்துவிட்டது. மூட்டை கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு தானே கம்பமாக நின்றான். எல்லோரும் கடந்துபோனார்கள். ரிப்பன் அக்கரையில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடினான். பனி வந்து மூட்டையை மறைத்தது. அந்த வாரம் முடிந்தது. மறு வாரம் லைன் முழுக்கக் கேபிள்காரர் புதுப் பெட்டி மாட்டிவிட்டுப் போனார். அதில் அந்தச் சேனல் வரவில்லை.

"வந்தானா?" என்று அப்பா கேட்டார்.

"தெரியலப்பா. சேனல் போச்சு."

அப்பா ஷூ கயிற்றை இறுக்கினார். "வருவான்," என்றார். அதற்குப் பிறகு கேட்க எங்களுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் ஷூ மாட்டும் நேரத்தில் போய் நின்று பார்த்தேன். அவரும் நிமிர்ந்து பார்ப்பார். தூக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

நான் பத்தாவதோடு நின்றேன். லைன் வீட்டை இடித்துவிட்டுக் கீழே கடைகளும் மேலே வாடகை வீடுகளும் கட்டினார்கள். மஞ்சுளாவை ஆனேக்கல் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். சீனு பெங்களூரில் எங்கேயோ வண்டி ஓட்டுகிறான். முனியப்ப மாமா இல்லை.

கூப்பிட்டால் அப்பா திரும்பிப் பார்க்காமல் ஆனது எப்போது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. முதலில் அம்மா, "திமிரு" என்றார். பிறகு, "மனுசனுக்கு வீட்டு மேல நெனப்பே இல்ல" என்று அழுதார். நானும் கோபித்துக்கொண்டு சில மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன். அவருக்கு அது தெரிந்ததா என்றே தெரியவில்லை. கம்பெனியில் வருஷா வருஷம் காது டெஸ்ட் வைப்பார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கடைசிவரை அப்பா பாஸ். வேலையை விட்டு நின்ற பிறகுதான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"டெஸ்ட் எடுக்கற அந்தம்மா வெரலு பட்டன அமுக்கறது கண்ணாடில தெரியும் பாப்பா. அதப் பாத்துத்தான் கையத் தூக்குவேன். கேக்கலன்னு சொன்னா வூட்டுக்கு அனுப்பிருவானுங்க."

இப்போது நானும் கம்பெனியில்தான் இருக்கிறேன். காதில் நுரை அடைப்பானை உருட்டிச் சொருகாமல் எங்களை உள்ளே விடமாட்டார்கள். அப்பா காலத்தில் மிஷின் துடைக்கிற பனியன் துணியைக் கிழித்து அடைத்துக்கொள்வார்களாம். மேஸ்திரி கூப்பிடுவது கேட்கவில்லை என்று திட்டு விழுந்ததும் அப்பா அதையும் எடுத்துவிட்டாராம். தினமும் அடைப்பானை உருட்டும்போது எனக்கு அந்த "எது?" ஞாபகம் வருகிறது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுப் பார்த்தது வருகிறது. நான் சந்தோஷமாக ஓடியது வருகிறது. அவர் காது போக அன்றைக்கே ஆரம்பித்துவிட்டிருந்தது. கையைத்தான் காவல் காத்தோம். காதைப் பற்றி லைனில் ஒருத்தரும் சொல்லவில்லை.

போன மாதம் கம்பெனி பஸ்ஸில் ஒரு பெண் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புத் துணி தெரிந்தது. கேட்டு வாங்கி என் போனில் ஏற்றிக்கொண்டேன். லீவு நாளில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கடைசிப் பாகத்தைப் போட்டேன். சத்தம் வைக்கவில்லை. யாருக்காக வைக்க வேண்டும்? இப்போது இருக்கிற திரைகளில் அந்த "ஙொய்" கூட இல்லை. சத்தத்தை நிறுத்தினால் முழுக்க நின்றுபோகிறது.

அப்பா போனைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். தங்கை கிடைத்துவிட்டாள். ரிப்பன் அவளிடம் பேசுகிறான், பேசுகிறான். நான் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா திரையின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"அதோ. பின்னாடி."

மலையைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான். முதுகில் மூட்டை இருக்கிறது, பானை இருக்கிறது, கயிறு பாதிதான் இருக்கிறது. அவன் வந்ததைக் கூட்டத்தில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. மூட்டையை இறக்கிவைத்துக் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்ட ஆரம்பித்தான். படம் முடிந்தது.

"சாப்ட்டானா?" என்றார் அப்பா. காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி சத்தமாக. பக்கத்து வீட்டுப் பையன் எட்டிப் பார்த்தான்.

இரண்டு கையையும் மடக்கித் தோளில் வைத்துக் காட்டி, இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"எல்லாருக்கும் ஊத்திட்டு அப்பறம் சாப்டுவான்," என்று சொல்லிவிட்டு அப்பா போனை என்னிடம் நீட்டினார். நீட்டிய கையில் எல்லா விரலும் இருந்தன.