கண்காணிப்பு அறைக்கு வெளியே நோரீன்

நோரீனைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பெண்கள் சிறை. அங்கே பதினாறு வருடமாக மனநல நர்ஸ் நான். அவளோ லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டி மூன்றாம் முறை உள்ளே வந்தவள். சலவைக்கூடத்தில் போர்வை மடிப்பவள். ஆனாலும் மனசு உடைந்த பெண்களெல்லாம் அவளிடம்தான் போவார்கள். சிறை நிர்வாகமே அவளுக்கு ஊதாச் சட்டை கொடுத்து, துணைக் கைதி என்று பேரும் வைத்திருந்தது. அப்படி என்னதான் பேசுவாளோ!

ஜெய்டாவுக்கு இருபது வயது. நோரீனைப் போல நூங்கார் என்ற பழங்குடி இனத்துப் பெண். அக்கா இறந்த சேதி வந்ததும் தன்னை மாய்த்துக்கொள்ள முயன்றாள். கண்காணிப்பு அறையில் வைத்தோம். கிழிக்க முடியாத அங்கி, அணையாத விளக்கு, கேமரா. சாப்பிட்டு, வாய் திறந்து பேசினால்தான் வெளியே விடலாம். நான்கு நாளாக என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நோரீன் கதவுக்கு வெளியே சப்பணமிட்டு உட்கார்ந்து ஃபுட்பால் கதை பேசினாள். உள்ளே சிரிப்புச் சத்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கும் எல்லாம் தெரியும் என்று காட்டத்தான் மறுநாள் போனேன். "ஷானெல் உன்மேல உயிரா இருந்தாளாமே," என்றேன். கோப்பில் இருந்த அக்காவின் பெயர். துக்கம் ஆறும்வரை இறந்தவர் பெயரை நூங்கார் மக்கள் வாயால் சொல்லமாட்டார்கள். பதினாறு வருடம் இருந்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். பொறாமையில் நாக்கு முந்திக்கொண்டது.

ஜெய்டா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்று முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் சலவைக்கூடத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா மிஸ்?" என்று போர்வையைப் போட்டுவிட்டு வந்தாள் நோரீன்.

கதவின் சாப்பாட்டுத் திறப்பில் வாயை வைத்து, "தங்கச்சி, அந்தப் பேரைச் சொல்லலாம்னு மிஸ்கிட்ட சொன்னது நான்தான். அவங்கமேல கோவப்படாத," என்றாள்.

உள்ளிருந்து பிளாஸ்டிக் டம்ளர் கதவில் வந்து மோதியது. "நீயாக்கா? இனிமே என் மூஞ்சில முழிக்காத. போ."

"எதுக்குப் பொய் சொன்ன?" என்று கிசுகிசுத்தேன்.

"வெள்ளிக்கிழமை எனக்கு விடுதலை மிஸ். அப்புறம் அவளுக்கு நீங்கதான இருக்கீங்க? என்னை வெறுத்தா ஒண்ணும் ஆகாது. உங்களை வெறுத்தா அவ செத்துருவா."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். உள்ளே அழுகை.

"மிஸ், இருக்கீங்களா?"

பதினாறு வருடமாக நான் ஏங்கிய குரல். அதையும் அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். தரையில் உட்கார்ந்து, "இருக்கேம்மா," என்றேன். அப்போதும் அவள்மேல் பொறாமை போகவில்லை.