ஏழாவது துண்டு

யுத்தம் உச்சத்திலிருந்த வருடம், விளையாட்டு ஆசிரியரான என் கணவரைக் கைது செய்தார்கள். குறிப்பிட்ட ஒரு நாளில் அவர் கொழும்பில் சந்தேகப்படும்படி நடமாடினாராம். அன்று அவர் மாத்தளையில் பாடசாலை விளையாட்டுப் போட்டியை நடத்திக்கொண்டிருந்தார். அதன் வீடியோ என்னிடம் இருந்தது. சீடியில் பதிந்து கொழும்பு வக்கீலிடம் கொண்டுபோனேன். வழியில் சோதனைச் சாவடியில் அதை உடைத்துப் போட்டார்கள்.

மறுநாளே பென் டிரைவில் மிஞ்சியிருந்த ஒரே பிரதியோடு நகரத்து நெட் கஃபேக்குப் போனேன். வக்கீலின் மின்னஞ்சலுக்கு மூன்று முறை ஏற்றினேன். மூன்று முறையும் பாதியில் லைன் அறுந்தது.

“இவ்வளவு பெரிய ஃபைல் போகாதுங்க மிஸ். விட்டுருங்க,” என்றார் கடைக்காரர்.

“அது போகாம நான் எழும்ப மாட்டேன்.”

அவர் யோசித்து, வீடியோவைப் பத்துத் துண்டுகளாக வெட்டித் தந்தார். ஒவ்வொன்றாக அனுப்பினேன். எல்லாம் போய்விட்டதாகத் திரை காட்டியது. அதை நம்பி, சாவடிக்குப் பயந்து, பென் டிரைவை அழிக்கப் போனேன். அந்த நேரம் வக்கீல் தொலைபேசியில் அழைத்தார்.

“ஏழாவது திறக்குதில்லை.”

திகதி எழுதிய பதாகையின் கீழே என் கணவர் நிற்கும் காட்சி அதில்தான் இருந்தது. மறுபடி அனுப்பினேன். இந்த முறை திறந்தது என்றார் வக்கீல். அடுத்த மாதம் அவர் வீடு திரும்பினார்.

இன்றும் எதை அனுப்பினாலும், அந்தப் பக்கத்தில் ஒருவர் திறந்து பார்த்துச் சொல்லும்வரை என் பிரதியை அழிப்பதில்லை. அந்த வீடியோவுக்கு மட்டும் மூன்று பிரதிகள் வைத்திருக்கிறேன். உடைக்க நினைப்பவர்கள் மூன்று இடங்களில் தேடட்டும்.