சத்தமில்லாத மெஷின்

தின்கன்ஜூன் பகுதியில் நான் வேலை பார்க்கும் மின்சாமான் கடைக்கு, போன குளிர்காலத்தில் ஒரு பஸ் டிரைவர், அறைக் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் வாங்க வந்தார். நரைத்த மீசை, ஜன்னலோரக் கை மட்டும் வெயிலில் கறுத்திருந்தது. வறண்ட காற்றில் அவர் மனைவிக்கு இருமல் நிற்கவில்லையாம். ஒவ்வொரு மெஷினையும் ஓடவிட்டு, கண்ணை மூடிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"சத்தம் கூடாது தம்பி. தூங்கும்போது அவ மூச்சு எனக்குக் கேக்கணும்."

"திங்கக்கிழமை சத்தமே இல்லாதது ஒண்ணு வருதுண்ணே. உங்களுக்கு எடுத்து வெக்கிறேன்."

சொன்னபடி திங்கட்கிழமை வந்தார். நான் பெட்டியைத் திறக்கப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார்.

"வேணாம் தம்பி. அவ சனிக்கிழமையே போய்ட்டா. நீங்க எனக்காக எடுத்து வெச்சிருப்பீங்களே, வேற யாருக்காவது குடுங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் முதலில் வந்த அன்றைக்கே கடையில் இருந்த ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கலாம். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.