‘இருக்கிறார்’ என்று சொன்னதற்காக

என் அகதி கேஸில், என்னை இலங்கைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று தீர்ப்பு வந்தது ஒரு தவக்காலத்தில். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பல நாடுகளில் கோப்பை கழுவி, மீன் வெட்டி, லொறிக்குள் படுத்து லண்டனுக்கு வந்தவன். கஷ்டம் எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்று கோலியர்ஸ் வுட்டில் என் வாடகை அறையில் செபமாலையைக் கையில் எடுக்கவும் மனம் வரவில்லை.

போரின் கடைசிக் காலத்தில் இராணுவம் என் அண்ணன் சவிரியைப் பிடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பி வரவில்லை. அம்மாவும் நானும் அவருடைய படத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாகத் தேடினோம். அப்படித் தேடியதற்காக என்னையும் கொண்டுபோய் அடித்தார்கள். தப்பி ஓடி வந்தேன்.

எங்கள் மன்னார்க் கரையில், உடல் வராதவனுக்கு இறந்தோர் பூசை ஒப்புக்கொடுக்க எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள். கல்லறைத் திருநாளில் அவனுக்கு மெழுகுதிரி இல்லை. யார் கேட்டாலும் இருக்கிறான் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலும் அம்மாவின் கட்டளை அதுவே.

லண்டன் கோர்ட்டில் நீதிபதி, அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

"ஓம், இருக்கிறார்" என்றேன். வேறு எதைச் சொல்வது? அம்மா அப்போது ஊரில் காத்துக்கொண்டிருந்தார்.

லண்டனில் இருக்கும் எங்கள் ஊர் றீற்றா அக்கா எனக்குச் சாட்சியாக வந்திருந்தார். "ஐயா, செத்திட்டான் எண்டு சொன்னால் தாய் சோறு தின்னமாட்டா. பிள்ளை வேற என்னத்தைச் சொல்லும்?" என்று நீதிபதிக்கு விளக்கினார்.

தீர்ப்பில் றீற்றா அக்கா சொன்னது இல்லை. அண்ணன் இருப்பதாக இவரே சொல்கிறார், ஆகவே பிடித்துப்போன கதை பொய், அடித்ததும் பொய் என்றுதான் இருந்தது. "மாதாவே, நான் பொய்யா சொன்னேன்?" இதுவே என் செபமாக இருந்தது. வேறு வார்த்தை வரவில்லை.

அப்பீல் போட்டுக் காத்திருந்தபோது அம்மா இறந்துபோனார். அடக்கத்தைப் போனில் பார்த்தேன். பிறகு ஷிப்டுக்குப் போனேன்.

மேல் கோர்ட்டில் எல்லாவற்றையும் மறுபடி சொல்ல ஆயத்தமாக இருந்தேன். லோயர், லண்டனில் வளர்ந்த நம் பிள்ளை, சிரித்தாள்.

"அண்ணா, அங்க உங்கட கதையைத் திரும்பக் கேக்க மாட்டினம். முதல் ஜட்ஜ் சட்டப்படி பிழை விட்டவரோ எண்டுதான் பாப்பினம்."

"அப்ப நான் ஏன் வாறன்?"

"சும்மா இருக்க."

"அதுதானே பிள்ளை எனக்கு வராத வேலை!"

பின்வரிசையில் சும்மா இருந்தேன். செபமாலை சட்டைப்பைக்குள் இருந்தது. மேல் நீதிபதி அரசாங்கத் தரப்பிடம், "றீற்றா என்ற சாட்சியை முதல் நீதிபதி நம்பினாரா இல்லையா? தீர்ப்பில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அரசாங்க லோயர் தாள்களைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். இல்லை என்றார்.

இவர் சொல்வது உண்மையா என்று தீர்ப்பது தன் வேலையல்ல என்றார் நீதிபதி. ஆனால் ஒரு சாட்சியின் சொல்லை, ஏன் என்று காரணம் காட்டாமல் விட்டுவிட முடியாது. வேறொரு நீதிபதி முதலிலிருந்து கேட்கட்டும்.

"அண்ணா, வெண்டிட்டம்!" என்றாள் லோயர்.

"அப்ப என்னை நம்பினவையோ?"

"இல்லை. அது இனித்தான்."

றீற்றா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த முதல் ஜட்ஜ் என்ர பேரை விட்டிட்டார். மாதா விடேல்லை" என்றார்.

புதிய நீதிபதியும் அதே கேள்வியைக் கேட்டார். "அம்மா இருக்குமட்டும் இருந்தவர். இப்ப எனக்குத் தெரியாது" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். றீற்றா அக்காவையும் முழுதாகக் கேட்டார். எங்களை நம்பினார். எனக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்தது.

எந்த ஊரிலும் தங்காத நான் இப்போது ஓரிடத்தில் இருக்கிறேன். கேஸ் உள்ள நம்மவர்களோடு கோர்ட்டுக்குப் போய்ப் பின்வரிசையில் சும்மா இருந்து செபிக்கிறேன்.

நன்றிப் பூசைக்கு அம்மாவின் பெயரையும் அண்ணனின் பெயரையும் கொடுத்தேன். "சவிரியை உயிரோட இருக்கிறவையோட வாசிக்கிறதோ, இறந்தவையோடயோ?" என்று பாதர் கேட்டார். நான் றீற்றா அக்காவைப் பார்த்தேன்.

"பேரை மட்டும் வாசியுங்கோ பாதர். எங்க எண்டு ஆண்டவருக்குத் தெரியும்" என்றார் றீற்றா அக்கா.

பாதர் அம்மாவை இறந்தவர்களோடு வாசித்தார். சற்று நிறுத்தி, அண்ணனின் பெயரைத் தனியே வாசித்தார்.

சகோதரரே, உங்கள் கேஸ் தோற்றிருந்தால் மனம் விடாதீர்கள். மனிதர் விட்டுப்போன சொல்லும் ஆண்டவரின் காதில் விழுந்திருக்கிறது. செபியுங்கள், அப்பீலையும் போடுங்கள். செபமாலை சொல்லும்போது சவிரியின் பெயரையும் சொல்லுங்கள். எவரோடு சேர்ப்பது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.