பன்னிரண்டு பாட்டிலும் ஒரு பட்டன்

காது டாக்டரின் மருத்துவமனையில் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை இருந்தது. அறை என்றால் அறைக்கே சிரிப்பு வரும். ஒரு ஸ்டூல் போட்டால் முழங்கால் சுவரில் இடிக்கும். சுவரெல்லாம் பஞ்சு, கனத்த கதவு, ஒரு கண்ணாடி ஜன்னல். நோயாளி ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பட்டனோடு உள்ளே உட்காருவார். அண்ணி வெளியே உட்கார்ந்து காது டெஸ்ட் கருவியைத் திருகுவாள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. கதவைச் சாத்துமுன் எல்லோருக்கும் ஒரே வாக்கியம்: "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க."

அவள் ஊருக்கே அண்ணியானது கொழுந்தனால். அவன் கிடார் வாசிப்பவன். ஊரில் பன்னிரண்டு ராக் குழுக்கள், ஒன்றுக்கொன்று ஆகாது. எல்லோருடைய பாட்டிலும் ஒவ்வொன்றை எடுத்து ஒரே ஆல்பமாகப் போடவேண்டும் என்று அவன் தலைகீழாக நின்றான். பதிவு செய்யத்தான் இடமில்லை.

"வெளிச்சத்தம் நுழையாத இடம் உங்க ரூம் ஒண்ணுதான் அண்ணி."

"உங்க சத்தத்துல காது போனாலும் நம்மகிட்டதானே வரணும்? சரி, கேட்டுப் பாக்கறேன்."

டாக்டர் ஆறு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தார். அதற்குமேல் கிடையாது. மருத்துவமனை புதுக் கட்டடத்துக்குப் போகிறது, ஏழாவது வாரம் திங்கட்கிழமை காலை அறையைப் பிரித்துவிடுவார்கள்.

டிரம்ஸ் நடைபாதையில், கிடார்கள் மருந்து வைக்கும் அறையில், கடைசியாகப் பாடகர் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால். பதிவுக் கருவி அண்ணியிடம். ராக் என்றாலே காதைப் பொத்திக்கொள்பவள், மூன்றாவது வாரத்தில் வெங்காயத்தைத் தாளத்துக்கு நறுக்கினாள். "வெங்காயமே அழுவுது பாரு" என்றார் வீட்டுக்காரர்.

ஐந்தாவது வாரம் ஆல்பத்தின் அட்டையில் போடும் பெயர்கள் தயாராயின. நாற்பத்தொன்பது பேர். பாடியவர், வாசித்தவர் பெயர் மட்டுமே போடுவது என்று பன்னிரண்டு குழுக்களும் அடிபிடிக்குப் பிறகு ஒத்துக்கொண்டிருந்தன.

"உங்களுக்குக் கடைசியில நன்றின்னு போட்டுடறேன் அண்ணி."

"டாக்டருக்குப் போடு. எனக்கு எதுக்கு?" என்றாள். மனசு வலிக்கத்தான் செய்தது.

ஆறாவது ஞாயிறு மதியம் எல்லாம் முடிந்தது. நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள். முதல் பாட்டு மெதுவாகும் இடத்தில், டிக். அடுத்த பாட்டில் இரண்டு டிக். ஐந்தாவது பாட்டில் எண்ணவே முடியவில்லை. ஒயர் என்றார்கள், ஃபேன் என்றார்கள், எதிர்க்குழுவின் வேலை என்றார்கள்.

அண்ணி வாத்தியங்களை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் ஓடவிட்டாள். தன் வீட்டுக் கதவுபோல அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

"யாரு பட்டனை அழுத்துனது?"

பன்னிரண்டு பாடகர்களும் திருதிருவென விழித்தார்கள். வெல்டிங் பட்டறைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "நீங்கதானே அண்ணி, சத்தம் கேட்டா அழுத்தச் சொன்னீங்க? எனக்குப் பாட்டு பூரா கேட்டுச்சு."

"ரெக்கார்டிங்ல அதுதான் முறைபோலன்னு நெனச்சேன்" என்றார் பள்ளிக்கூட டீச்சர்.

வாய்ப்பழக்கம்! பன்னிரண்டு பேரிடமும் சொல்லித் தொலைத்திருக்கிறாள். பட்டனை அழுத்தினால் எரியும் சிவப்பு விளக்கின்மேல் கண் கூசுகிறதென்று இவளே துண்டைப் போட்டு மூடியிருந்தாள். செவ்வாய்க்கிழமை ஆல்பம் அச்சுக்குப் போகவேண்டும், நாளைக்கு அறையே இருக்காது, ஆறு வாரம் பாடியதை ஒரு சாயங்காலத்தில் திரும்பப் பாடவும் முடியாது. நாற்பத்தொன்பது பேருடைய உழைப்பை ஒரு வாக்கியத்தால் கெடுத்தாயிற்று. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

முதலில் சிரித்தது டீச்சர். பிறகு மீசை. பிறகு கூடமே குலுங்கியது. பன்னிரண்டு குழுக்களும் சேர்ந்து ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "எடுக்க முடியாது. சேக்கலாம். அங்கங்க வந்தாத்தானே தப்பு? பாட்டு பூரா தாளத்தோட வந்தா அதுவும் ஒரு வாத்தியம்."

மீசை உள்ளே போய் முயன்றார், தாளம் ஓடிவிட்டது. டீச்சர் பின்தங்கினார். டிரம்ஸ்காரர் குத்திய குத்தில் பட்டன் உடையப் பார்த்தது. கொழுந்தன் மட்டும் அண்ணியின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலிக் கைப்பிடியில் அது பிசகாமல் தட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி, உள்ள போங்க."

இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஸ்டூலில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. முழங்கால் இடித்தது. ஹெட்போனை மாட்டினாள். கொழுந்தன் கதவைப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொன்னான்: "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க."

பன்னிரண்டு பாட்டையும் ஒரே மூச்சில் வாசித்தாள். பழைய டிக் தாளம் தப்பி விழுந்த இடங்களில் இன்னொன்றைத் தட்டிப் பதில் சொன்னாள். கண்ணாடிக்கு வெளியே பன்னிரண்டு குழுக்களும் ஒன்றன்மேல் ஒன்றாக மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றன. உள்ளே அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆல்பம் வந்தது. அட்டையில் நாற்பத்தொன்பது பெயர்களுக்கும் மேலே தனியாக ஒரு வரி: "எல்லாப் பாட்டிலும் பட்டன்" என்று போட்டு, இனிஷியலோடு அவளுடைய முழுப்பெயர்.

புதுக் கட்டடத்தில் அன்று காது டெஸ்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அந்த அட்டையைக் காட்டிவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள். வரிசை வாசல்வரை நீண்டு, ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். காது டாக்டர் கேட்டும் கேட்காதவர்போல இருந்துவிட்டார்.