பூசக்கூடாத சுவர்

கல்யாணமாகி உத்தனப்பள்ளிப் பக்கம் வந்தபோது எங்கள் வீட்டைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. கையில் எது கிடைத்ததோ அதை வைத்து என் மாமனார் கட்டிய வீடு. முன்பக்கம் மண்சுவர். நடு அறைக்கு மட்டும் செங்கல் வைத்துச் சுண்ணாம்புக் காரை பூசியிருந்தார். அதற்குமேல் முடியவில்லை போலிருக்கிறது. பின்னால் மாட்டுக்கொட்டாய்க்குப் பாறையில் பிளந்த கல்பலகைகளை நட்டு நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். கல்லாவியில் எங்கள் அப்பா வீடு இதைவிடச் சின்னது. ஆனால் முன்னாலிருந்து பின்வரை ஒரே மாதிரி இருக்கும்.

எங்கள் வீட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் கொசு டாக்டர்தான்.

அவர் டாக்டர் இல்லை. கொசுவையும் கொசு மருந்தையும் ஆராய்ச்சி செய்கிறவன், வைத்தியம் பார்க்கத் தெரியாது என்று அவரே சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். ஊரில் யாரும் கேட்கவில்லை. வயிற்றுவலிக்காரர்கள் எல்லாம் அவர் ஜீப்பைத் தேடி வந்து நின்றார்கள். ஐம்பதுகளில் எங்கள் பக்கம் குளிர்காய்ச்சல் அப்படி இருந்தது. மழைக்காலம் வந்தால் வீட்டுக்கு ஒருவர் கம்பளியைச் சுற்றிக்கொண்டு படுத்திருப்பார். நான் வந்த முதல் மழையிலேயே என்னையும் அது பிடித்தது. பல்லோடு பல் அடிக்க நடுங்கியதும், கொயினா மருந்து குடித்துக் காது இரைந்ததும் இன்னும் மறக்கவில்லை. அதனால் சர்க்கார் டி.டி.டி. மருந்து அடிக்கப்போகிறது என்றபோது நான் ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் ஆராய்ச்சியைக் கெடுத்த பழி என் தலையில்தான் விழுந்தது.

மருந்து எல்லா வீட்டுக்கும் அடித்தார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஆராய்ச்சியும் சேர்ந்து வந்தது. மண், காரை, கல் மூன்று சுவரும் ஒரே இடத்தில் இருக்கிற வீடு வேண்டும் என்று கொசு டாக்டர் ஊர் ஊராகத் தேடியிருக்கிறார். எந்தச் சுவரில் மருந்து எவ்வளவு காலம் தாங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். நான் கிணற்றடியிலிருந்து குடத்தோடு திரும்பியபோது என் வீட்டுக்காரர் வாசலில் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“நான் சொல்ற வரைக்கும் சுவத்துல மண்ணு பூசக்கூடாது. சுண்ணாம்பு அடிக்கக்கூடாது. துடைக்கவும் கூடாது. முடியுமா?” என்றார் கொசு டாக்டர்.

“சரிங்க சார்” என்றார் இவர்.

வாழ்நாளில் ஒரு நாள்கூட ஒரு பிடி செம்மண்ணைக் குழைத்துச் சுவரில் பூசாத மனிதர். சரியாம்.

மருந்தடித்த அன்று சாமான் எல்லாம் வெளியே கிடந்தது. கேழ்வரகு கொட்டிவைக்கிற குதிர் மட்டும் நகர்த்த முடியாததால் கோணிப்பை போட்டு மூடினோம். என் மாமியார் சாமி படங்களை மடியில் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பம்ப்பைத் தோளில் மாட்டிய ஆட்கள் போன பிறகு உள்ளே போனால், சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. மூக்கைத் துளைக்கும் நெடி. “மாவு கரைச்சு ஊத்தினாப்பல இருக்குது” என்றார் அத்தை. அந்தத் திட்டைத் துடைக்கக்கூடாது என்பதுதான் உத்தரவு.

முதல் சில வாரங்கள் நன்றாகவே இருந்தன. கொசு இல்லை. மூட்டைப்பூச்சிகூடச் செத்து விழுந்தது. கோழிகள் பொறுக்கித் தின்றன. கோழிக்கு ஏதாவது ஆகுமா என்று கொசு டாக்டரைக் கேட்டேன். “அதை வேற ஒருத்தர் பார்க்கணும்மா” என்றார்.

அவர் வாரத்துக்கு ஒருமுறை வந்தார். எங்கேயோ வளர்த்த கொசுக்களைக் கூண்டில் அடைத்து, ஈரத்துணி போர்த்திக் கொண்டுவருவார். கண்ணாடிப் புனலைச் சுவரோடு ஒட்டவைத்து, அதற்குள் கொசுவை விட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். பிறகு அவற்றை எடுத்து வேறொரு கூண்டில் போட்டு, மறுநாள் எத்தனை செத்தன என்று பார்ப்பாராம். அவர் நிற்கிற நேரம் முழுக்க அடுப்பு மூட்டக்கூடாது. புகையில் கொசு செத்தால் கணக்கு கெட்டுவிடும். களி கிண்ட உலை வைக்கிற நேரமாகப் பார்த்துத்தான் ஜீப் வரும். சில கொசுக்கள் புனலிலிருந்து தப்பி வீட்டுக்குள்ளேயே பறந்துபோகும்.

என் மாமியாருக்குக் கோபம் வந்தால் பாதி கன்னடத்துக்குப் போய்விடுவார். “ஏனப்பா இது! கொசு சாவணும்னு வந்துட்டு நீயே கொசுவக் கொண்டாந்து ஊட்டுக்குள்ள உடறியே!”

“அது காய்ச்சல் இல்லாத கொசும்மா.”

“அதுக்குத் தெரியுமா, கடிக்கக்கூடாதுன்னு?”

அவரோடு வருகிற உதவியாளர் எங்கள் விரல்களில் ஊசியால் குத்தி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துக்கொண்டு போவார். இது போதாதென்று சுவரையும் சுரண்டினார்கள். ஒரு சின்னக் கரண்டியால் மண்ணைக் குடைந்து காகித உறையில் போட்டுக்கொண்டார் கொசு டாக்டர். இந்த மண் எங்கே எடுத்தது, ஏரியிலா, குட்டையிலா, இதில் சாணி கலந்திருக்கிறதா என்று அத்தையிடம் கேள்வி. கல்சுவரில் மருந்து அப்படியே மேலே நிற்கிறதாம். மண்சுவர் குடித்துவிடுகிறதாம். எதற்காகக் குடிக்கிறது என்று ஆராய்ச்சிக் கூடத்தில் பார்க்க வேண்டுமாம். கண் பளபளக்க அதைச் சொன்னார். என் கண் சுவரிலிருந்த பொத்தல்கள் மேல் இருந்தது.

மூட்டைப்பூச்சி அந்தப் பொத்தல்களில்தான் குடியேறியது. செத்துப்போனதாக நினைத்தது எங்கிருந்தோ திரும்பி வந்தது, முன்னைவிட அதிகமாக. கயிற்றுக் கட்டிலில் படுக்க முடியவில்லை, பாயில் படுக்க முடியவில்லை. என் நாத்தனாரின் முதுகு முழுக்கத் தடித்துப்போயிற்று. மற்ற வீட்டில் என்றால் மண்ணைக் குழைத்துப் பொத்தலை அடைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அடைக்கக்கூடாது.

“சார், மூட்டைப்பூச்சி உயிரை எடுக்குது” என்றேன்.

“மூட்டைப்பூச்சியால காய்ச்சல் வராதும்மா. பயப்படாதீங்க.”

“தூக்கமும் வரலை.”

அவர் சிரித்தார். என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அன்று இரண்டு பேர் மேலும் எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடமும் காட்ட முடியாமல் கேழ்வரகு அரைத்துத் தீர்த்தேன்.

பொங்கல் நெருங்கியது. ஊரில் எல்லா வீட்டுச் சுவரும் செம்மண் பூசிச் சிவப்பாகி, கீழே சுண்ணாம்புப் பட்டையும் காவிப் பட்டையும் ஏறிவிட்டன. எங்கள் வீடு மட்டும் சொறிபிடித்த மாடு மாதிரி நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் தொரப்பள்ளிப் பக்கத்திலிருந்து நாத்தனாரைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். ஆராய்ச்சி எப்போது முடியும் என்று நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். “கொசு சாகாம பிழைக்கிற வரைக்கும்மா. எப்பன்னு இப்ப சொல்ல முடியாது” என்று சொல்லிவிட்டு பெங்களூருக்குப் போனவர், வாரக்கணக்கில் வரவில்லை.

“ஏங்க, முன்பக்கம் மட்டுமாச்சும் பூசிடறேன்” என்றேன் வீட்டுக்காரரிடம்.

“சாருக்கு வாக்குக் குடுத்துட்டேன்.”

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாரைப் பாக்கவா வராங்க?”

“படிச்ச மனுசன் நம்மள நம்பிப் போயிருக்கார். நீ பேசாம இரு.”

நான் பேசாமல்தான் இருந்தேன். அவர் ஏர் ஓட்டப் போன பிறகு மண்ணைக் குழைத்தேன். அத்தை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். “மேல நீ பூசு, கீழ நான் பூசறேன். எம் மகன் கேட்டா நான்தான்னு சொல்லு.” காரைச் சுவரையும் கல்சுவரையும் நாங்கள் தொடவில்லை. மண்சுவரில் மட்டும் பொத்தலெல்லாம் அடைத்து, வழித்து, பட்டை போட்டு முடித்தோம். சாயங்காலம் வந்தவர் பார்த்தார். நேரே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அவர் கோபப்பட்டால் அப்படித்தான்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நல்ல மனிதர்களாகவே தெரிந்தார்கள். பெண்ணைப் பிடித்துவிட்டது. வெற்றிலை மடிக்கிற நேரம். மாப்பிள்ளையின் பெரியப்பா நடு அறைப் பக்கம் எட்டிப் பார்த்து, “அதென்ன சுவத்துல வெள்ளை வெள்ளையா?” என்று கேட்டார். மருந்தடித்தது, உங்கள் ஊரில் அடிக்கவில்லையா என்று சொன்னால் முடிந்துபோகும். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

“அது ஆராய்ச்சிங்க. இத்தன ஊரு இருந்தும் நம்ம ஊட்டத்தான் தேர்ந்தெடுத்துக்கிறாங்க. வாரம் தவறாம ஜீப்பு வரும். எங்க எல்லார் ரத்தமும் எடுத்துக்கினு போயி கண்ணாடி வெச்சிப் பாக்கறாங்க.”

“ரத்தமா?” என்றார் பெரியப்பா.

“ஆமாங்க. எந் தங்கச்சி ரத்தமும்தான்” என்றார் இவர், ஏதோ தங்கச்சிக்குப் பட்டம் கொடுத்த மாதிரி.

வெற்றிலை மடித்தபடியே நின்றது. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்துவிட்டார்கள். அந்த வாரமே தகவல் வந்தது. சர்க்கார் ஆட்கள் ஒரு வீட்டைத் தனியாகப் பார்த்து ரத்தம் எடுக்கிறார்கள் என்றால் அந்த வீட்டில் ஏதோ பெரிய வியாதி இருக்கிறதாம். அதை மறைத்துப் பெண் கொடுக்கப் பார்க்கிறோமாம்.

நாத்தனார் அழவில்லை. அண்ணன் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து கொட்டாய்ப் பக்கம் போனாள். அவர் கூப்பிட்டால் காது கேட்காதது போல இருந்தாள். அவருக்கோ தான் என்ன தப்பு செய்தோம் என்றே புரியவில்லை. “உள்ளதத்தானே சொன்னேன்” என்று என்னிடம் வந்து கேட்டார்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஜீப் வந்தது. கொசு டாக்டர் புனலும் கூண்டுமாக இறங்கி, சிவப்புச் சுவரைப் பார்த்து அப்படியே நின்றார்.

“ஐயையோ! பூசிட்டீங்களாம்மா?”

“பூசிட்டேன்.”

“எத்தனை மாச வேலைம்மா இது!”

அன்றுதான் நான் வாய்விட்டுக் கத்தினேன். “உங்க வேலை போச்சுன்னு சொல்றீங்களே, எங்க பொண்ணு கல்யாணம் போச்சு சார். உங்க கொசு, உங்க ஊசி, உங்க ஜீப்பு, எல்லாம் சேர்ந்துதான் கெடுத்துச்சு. சுவத்தைக் குடைஞ்சீங்க, அதுல மூட்டைப்பூச்சி பூந்துச்சு. உலை வெக்காதேன்னீங்க, பட்டினியா உக்காந்தோம். காய்ச்சல் போனாப் போதும்னுதானே பொறுத்தோம்? இன்னும் என்ன பண்ணணும் நாங்க?”

அவர் முகம் சுருங்கிவிட்டது. என்ன நடந்தது என்று கேட்டார். அத்தை பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் சொன்னார். தரையில் குந்தி உட்கார்ந்து முழுவதும் கேட்டார். பிறகு பழக்கம் விடாமல், புதுப்பூச்சு மேல் புனலை வைத்துக் கொசுவை விட்டுப் பார்த்தார். ஒன்றுகூடத் தள்ளாடவில்லை. தெம்பாக உட்கார்ந்திருந்தன. “மருந்து அடியில போயிடுச்சு. இதுவும் தெரிய வேண்டிய விஷயம்தான்” என்று முணுமுணுத்தார். அதை அப்போது சொல்லியிருக்க வேண்டாம்.

கிளம்பும்போது, “நானே போய் அவங்களுக்கு விளக்கிச் சொல்றேம்மா. என்னாலதானே வந்தது?” என்றார். மனசு கெட்டவர் இல்லை. வேண்டாம் என்று நான் தடுத்திருக்கலாம், படித்தவர் சொன்னால் கேட்பார்கள் என்று ஒரு நப்பாசை. அவர் போனார், ஜீப்பிலேயே போனார். கூடவே உதவியாளர், ஊசிப்பெட்டி, கூண்டு எல்லாம். ஜீப்பைக் கண்டதும் தெருவே கூடிவிட்டதாம். பெண் பார்க்கப் போய்வந்தவர்களுக்கும் வியாதி ஒட்டிக்கொண்டது, அதனால்தான் ரத்தம் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. பெரியப்பா கதவைத் திறக்கவே இல்லையாம். இரண்டாம்முறை அவர்களிடமிருந்து வந்த வார்த்தைகளை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அதன்பிறகு அவர் கல்சுவரை மட்டும் சில தடவை வந்து பார்த்தார். வந்தால் வெளியிலேயே நிற்பார். அடுப்பை அணைக்கச் சொல்லவில்லை. பிறகு வேறு ஊருக்கு மாற்றல் என்று சொல்லிக்கொண்டு போனார். எங்கள் சுவரிலிருந்து சுரண்டிய மண் என்ன சொல்லியது, எங்கள் ரத்தத்தில் என்ன இருந்தது என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் ரொம்ப நாள், “அச்சடிச்சு வரும், பாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நாத்தனாருக்கு அடுத்த தையிலேயே ராயக்கோட்டைப் பக்கம் இடம் அமைந்தது. அவர்கள் வந்தபோது என் வீட்டுக்காரரை அத்தை காலையிலேயே சந்தைக்கு அனுப்பிவிட்டார். கட்டில்களுக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினோம். இரண்டு கட்டிலைக் கொளுத்தவும் வேண்டியிருந்தது. மூட்டைப்பூச்சி ஒழிய வெகுகாலம் ஆயிற்று.

மறுவருஷம் மருந்தடிக்க வேறு ஆட்கள் வந்தார்கள். வாசலில் நின்றவன் முதலில் கேட்டது, “பண்டிகைக்குப் பூசியாச்சாம்மா? பூசலைன்னா பூசிட்டுச் சொல்லுங்க, அப்புறம் வரோம்” என்று. போன வருஷம் அப்படி யாரும் கேட்கவில்லை. நம் வீட்டு ஆராய்ச்சியால்தான் அப்படிக் கேட்கிறார்கள் என்று இவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த ஆளைக் கேட்டேன். மேலேயிருந்து உத்தரவு, ஏனென்று தெரியாது என்றான்.

காய்ச்சல் விஷயத்தையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நியாயமில்லை. அந்த மழைக்காலம் எங்கள் தெருவில் யாரும் கம்பளி சுற்றிப் படுக்கவில்லை. நான் அப்போது மாசமாக இருந்தேன். ஒவ்வொரு சாயங்காலமும் நடுக்கம் வந்துவிடுமோ என்று கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். வரவில்லை. பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைப் பார்க்க வந்தவர்களிடம் இவர் ஆராய்ச்சிக் கதையை ஆரம்பித்தார். உள்ளே படுத்திருந்தபடியே நான் போட்ட சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு அழ, அதைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியே போய்விட்டார்.