பச்சைக்கறியும் என் வெள்ளிக்கிழமையும்

எங்கள் நாய்க்கு எதைப் போட்டாலும் வயிறு தாங்காது. குழம்புச் சோறு போட்டால் அன்றைக்கே வயிற்றுப்போக்கு. கடையில் விற்கும் பாக்கெட் தீனி போட்டால் வாந்தி. மகள் கல்யாணமாகிப் போகும்போது எங்களிடம் விட்டுப்போன நாய் அது. இந்தக் கோடையில் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் அதற்கு மூச்சு ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் வாசல் தெளிப்பேன்.

திண்டிவனத்திலிருந்து ஆட்டோ வைத்து, மடியில் போட்டுக்கொண்டு, விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, பூச்சியும் இல்லை, வேறு நோயும் இல்லை என்றார்.

"பச்சைக்கறிக்கு மாத்திப் பாப்போம்மா. எல்லா நாய்க்கும் ஒத்துக்காது, அதனால மெதுவா. அவிச்ச கோழிக்கறில பச்சைக்கறி ஒரு ஸ்பூன் கலந்து ஆரம்பிங்க. வயிறு நல்லா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. வேற எதுவும் குடுக்காதீங்க. வயிறு போற நாள எழுதி எடுத்துக்கினு வாங்க."

எனக்கு மனசே வரவில்லை. வேகாத கறி தின்றால் நாய்க்கு வெறி பிடிக்கும் என்று பக்கத்து வீட்டில் வேறு பயமுறுத்தினார்கள். ஆனாலும் வேறு வழி இல்லை. கறிக்கடையில் பாயிடம் வாங்கும்போதெல்லாம் கேட்பேன், இப்போது அறுத்ததுதானா என்று.

"யக்கா, நீ கேக்கறதப் பாத்தா மாப்பிள்ளைக்கு விருந்து வெக்கற மாதிரி கீது."

"நாய்க்குங்க பாய்."

"அதானே! மாப்பிள்ளைக்கு இவ்ளோ பாக்க மாட்டியே நீ!"

வீட்டுக்கு வந்து, தனிக் கத்தியில் பொடியாக நறுக்கி, கையில் வைத்து ஊட்டுவேன். தட்டில் போட்டால் அது தொடாது. சாப்பிட்ட பிறகு அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்பேன்.

இரண்டு நாள் நன்றாக இருக்கும். அப்புறம் தண்ணீராகப் போகும். உடனே பச்சையைக் குறைப்பேன். மறுபடி நன்றாகும், மறுபடி போகும். ஒரு மாதம் இப்படியே ஓடியது. நாய் இன்னும் இளைத்தது. பச்சைக்கறிதான் அதைக் கொல்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு, நிறுத்திவிடலாம் என்று கேட்கத்தான் மறுபடி விழுப்புரம் போனேன். என் வீட்டுக்காரரும் கூட வந்தார்.

டாக்டரம்மா நான் எழுதிவைத்திருந்த தாளை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கிழமையை எண்ணினார்.

"எல்லாமே புதன், சனியா இருக்கே. செவ்வாய், வெள்ளில இன்னாமா குடுக்கறீங்க?"

"அன்னிக்கு எங்க வீட்ல கவுச்சி எடுக்க மாட்டோம் டாக்டர். தயிர்சோறுதான்."

"வேற எதுவும் குடுக்காதீங்கன்னு சொன்னேனேம்மா?"

"தயிர்சோறுதானே டாக்டர்..."

சத்தியமாக நான் மறைக்கவில்லை. வயிறு சரியில்லை என்றால் எங்கள் வீட்டில் மனுஷருக்கே தயிர்சோறுதான். அதைப் போய் வேறு தீனி என்று நான் நினைக்கவே இல்லை.

"கறிக்குப் பழகிக்கினு வர வயித்த வாரத்துக்கு ரெண்டு தடவை சோத்துக்கும் தயிருக்கும் இழுக்கறீங்க. அது எப்பிடிம்மா தாங்கும்?"

"நாயையும் விரதம் இருக்க வெச்சிட்டியேம்மே," என்றார் என் வீட்டுக்காரர். ஒரு மாதமாக அதன் உடம்பை உருக்கியது என் கைதான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செவ்வாய், வெள்ளியில் கவுச்சி எங்கள் வாசற்படி தாண்டியதில்லை. அம்மனுக்கு நான் கொடுத்திருக்கும் வாக்கு அது. அந்த வெள்ளிக்கிழமை வந்தபோது எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கடைசியில், கறி வீட்டுக்குள் வர வேண்டாம், தோட்டத்துப் பக்கமாகக் கொண்டு வந்து அவரே கொடுக்கட்டும் என்று ஏற்பாடு செய்தோம். நான் தலைக்குக் குளித்துவிட்டு விளக்கேற்றப் போனேன். திரியைக்கூடப் போட்டுவிட்டேன்.

வெளியிலிருந்து குரல் வந்தது. "ஏம்மே, ஜல்தி வா. என் கைல வாங்க மாட்டுது. உன்னத்தான் தேடிக்கினு கீது."

விளக்கை ஏற்றாமல் அப்படியே நின்றேன். தயிர்சோற்றைக் காட்டினால் இப்போதே நக்கும். ஆனால் நாளைக்கு? "தாயே, கோபமிருந்தா என்மேல காட்டு, அது வாயில்லா ஜீவன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். ஈரத் தலையோடு கிணற்றடியில் உட்கார்ந்து, பச்சைக்கறியை விரலால் எடுத்து ஊட்டினேன். ஒவ்வொரு வாய்க்கும் அது என் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாங்கியது. அப்புறம் மறுபடி குளித்து விளக்கேற்றும்போது வெயில் ஏறிவிட்டது. அன்று முழுக்க என்ன தப்பு நடக்குமோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமல் நாயை அவிழ்த்துவிட்டுப் பின்னாலேயே போனேன். வேலியோரம் சுற்றிச் சுற்றி ஒரு இடத்தில் உட்கார்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது மண்ணில் கெட்டியாக இருந்தது. குச்சியால் கிளறியும் பார்த்தேன், கெட்டிதான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப இன்னிக்குப் பச்சைய கூட்டேன்," என்றார்.

"வேணாங்க. செவ்வாக்கெழமையும் குடுத்துட்டு, புதங்கெழம பாத்துட்டு கூட்டலாம்."